சூடான குழாய் சப்போர்ட்டை விட்டு எழும்பும்போது: தகைவுச் சரிபார்ப்பு, படிப்படியாக

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சூடான லைனைப் பைப் ராக்கின் (குழாய்களைத் தாங்கும் உயரமான சட்டகம்) கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், சில ஷூக்களுக்கும் (குழாயின் அடியில் பொருத்திய தாங்கு பாதம்) பீமுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். ஒரு மில்லிமீட்டர் இருக்கலாம், விரல் நுழையும் அளவும் இருக்கலாம். வெளிச்சம் தெரிகிற அந்தச் சப்போர்ட் அந்த நேரத்தில் எதையும் தாங்கவில்லை. அதன் பங்கு எடை பக்கத்துச் சப்போர்ட்டுக்கும் எல்போவுக்கும் (குழாய் வளைவு) பம்பு நாசிலுக்கும் (குழாய் பம்போடு சேரும் வாய்) போய்விட்டது. கணக்கு அறிக்கையில் மட்டும் அந்தச் சப்போர்ட் முழு எடையையும் தாங்கிக்கொண்டிருக்கும்; எடைத் தகைவு (எடையால் குழாய்ச் சுவரில் எழும் உள்விசை, பரப்புக்கு இவ்வளவு என்று) அனுமதித்த அளவில் 40 சதவீதம்தான் என்று கையெழுத்தும் ஆகியிருக்கும்.

லைன் தன் ஆயுளில் பெரும்பகுதியைச் சூடாகத்தான் கழிக்கிறது. அந்த நிலையில் எந்தெந்தச் சப்போர்ட் உண்மையில் தொட்டுக்கொண்டிருக்கிறதோ, அவற்றை மட்டும் வைத்து எடையைச் சரிபார்க்க வேண்டும். கீழே உள்ள படிகள் ஏஎஸ்எம்இ பி31.3 என்ற ஆலைக் குழாய் நெறிமுறையை ஒட்டியவை. ஒரே லைனை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே போகலாம்.

எடுத்துக்கொள்ளும் லைன்

10 அங்குலம், ஷெட்யூல் 40, ஏ106 கிரேடு பி கார்பன் ஸ்டீல். வெளிவிட்டம் 273 மி.மீ., தடிமன் 9.27 மி.மீ., அரிப்பு ஒதுக்கீடு 3 மி.மீ. உள்ளே ஹாட் ஆயில், 340 டிகிரி செல்சியஸ், 20 பார். மேலே 100 மி.மீ. மினரல் வூல், அலுமினியத் தகடு. தரையில் பம்புக்குப் பக்கத்தில் ஒரு பேஸ் சப்போர்ட். அதிலிருந்து 15 மீட்டர் ரைசர் (செங்குத்துக் குழாய்) நேராக மேலே போகிறது. எல்போ திரும்பி ராக்கின் மேல் தட்டில் கிடையாக ஓடுகிறது. கிடைப் பகுதியில் 6 மீட்டருக்கு ஒரு சப்போர்ட். எல்போவுக்கு அடுத்ததை முதல் சப்போர்ட், அதற்கடுத்ததை இரண்டாவது என்று அழைப்போம்.

ஒரு மீட்டருக்கான எடை: குழாய் 60 கிலோ, எண்ணெய் (அடர்த்தி 750 என்று கொண்டால்) 38 கிலோ, மினரல் வூல் 14 கிலோ, தகடு 4 கிலோ. மொத்தம் சுமார் 116 கிலோ. எண்ணை உருட்டி மீட்டருக்கு 1.15 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்ளலாம். இன்சுலேஷன் எடையை விட்டுவிட்டு ஓட்டிய மாடல்கள் ஏராளம். இங்கே அது மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குக்கு அருகில் வருகிறது. எழும்புமா எழும்பாதா என்ற தீர்ப்பையே அது மாற்றிவிடும்.

படி 1: மென்பொருளைத் திறப்பதற்கு முன் கைக்கணக்கு

கார்பன் ஸ்டீல் அறை வெப்பத்திலிருந்து 340 டிகிரிக்குப் போகும்போது மீட்டருக்கு ஏறக்குறைய 4.2 மி.மீ. நீளும். 15 மீட்டர் ரைசர் 63 மி.மீ. நீளும். அடியில் பேஸ் சப்போர்ட் இருப்பதால் அந்த நீட்சி முழுவதும் மேல்நோக்கித்தான் போக முடியும். எல்போ 63 மி.மீ. மேலே போகிறது. 12 மீட்டர் தள்ளியுள்ள இரண்டாவது சப்போர்ட்டில் குழாய் உட்கார்ந்தே இருக்கிறது. குழாய்க்கு எடையே இல்லையென்றால் நடுவில் இருக்கும் முதல் சப்போர்ட்டில் அது பாதி, அதாவது 31 மி.மீ. எழும்.

இப்போது எடையைச் சேர்ப்போம். முதல் சப்போர்ட் இல்லாமல் 12 மீட்டர் தாவும் குழாய் நடுவில் எவ்வளவு தொய்யும்? இரு முனையும் சுதந்திரமாகத் திரும்பினால் 5 பெருக்கல் மீட்டர் எடை பெருக்கல் நீளத்தின் நான்காம் படி, வகுத்தல் 384 பெருக்கல் விறைப்பு (மீள்தன்மைக் குணகம் பெருக்கல் நிலைமத் திருப்புத்திறன்). இரு முனையும் இறுகியிருந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு. 340 டிகிரியில் மீள்தன்மைக் குணகம் சுமார் 175 கிகாபாஸ்கல். இக்குழாயின் நிலைமத் திருப்புத்திறன் 6.69 கோடி மி.மீ. நான்காம் படி. போட்டுப் பார்த்தால் தொய்வு 5 மி.மீ.க்கும் 27 மி.மீ.க்கும் இடையில் எங்கோ வரும்.

31 மி.மீ. எழுச்சி, அதிகபட்சம் 27 மி.மீ. தொய்வு. முனைகள் எப்படி இருந்தாலும் முதல் சப்போர்ட் எழும்பியே தீரும். இடைவெளி ஏறக்குறைய 4 முதல் 26 மி.மீ. வரை எதுவாகவும் இருக்கலாம். துல்லியத்தை மென்பொருள் சொல்லட்டும். எழுச்சி இரண்டு எல்லைகளுக்கும் நடுவே விழுந்திருந்தால் கைக்கணக்கு தீர்ப்புச் சொல்லாது, மாடலை நம்பித்தான் ஆக வேண்டும்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது நீளத்தின் நான்காம் படி. சப்போர்ட் இடைவெளியைப் பாதியாக்கினால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கும். அதே எழுச்சிக்குச் சப்போர்ட் இன்னும் எளிதாக விட்டுப் போகும். ரைசர் பக்கத்தில் பாதுகாப்புக்காக என்று சப்போர்ட்டை நெருக்கி வைப்பவர்கள் இதைத்தான் வரவழைக்கிறார்கள். முதல் சப்போர்ட்டை ரைசரிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுவதே நல்ல லேஅவுட்.

எழும்பல் எதிர்பார்க்க வேண்டிய மற்ற இடங்கள்: உயரமான கோபுரத்தின் நாசிலிலிருந்து வெளிவரும் கிடைக்குழாய் (கோபுரமே மேலே வளர்கிறது), எல்போவுக்கு அடியில் டம்மி லெக் (தாங்கலுக்காகப் பற்றவைத்த வெற்றுக் குழாய்க் கால்) வைத்த இடத்தின் இரு பக்கம், ஒன்று சூடாகவும் ஒன்று குளிர்ந்தும் நிற்கும் இரட்டைப் பம்புகளின் கிளைகள். பாதி நிரம்பி ஓடும் லைனில் மேல்பாதியும் அடிப்பாதியும் வேறு வெப்பத்தில் இருந்தால் குழாயே வில்லாக வளைந்து எழும். சாதாரண மாடலில் குழாயின் குறுக்குவெட்டு முழுவதும் ஒரே வெப்பம் என்பதால் அது தெரியாது. தனியாகக் கொடுக்க வேண்டும்.

படி 2: மாடலில் சப்போர்ட்டை உள்ளபடி காட்டுங்கள்

ஷூ பீமின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. கீழே போகாமல் தடுக்கும், மேலே போவதைத் தடுக்காது. மாடலிலும் அது ஒருவழித் தடையாகவே இருக்க வேண்டும். சீசர் 2 போன்ற மென்பொருளில் செங்குத்து அச்சின் கூட்டல் குறியோடு கொடுப்பது அதற்குத்தான். குறியை விட்டுவிட்டால் அது இருவழித் தடை ஆகிவிடும்: குழாய் எழ முயலும்போது மாடல் அதைக் கீழே இழுத்துப் பிடிக்கும், எழும்பல் அறிக்கையில் வரவே வராது, வெப்பத் தகைவும் நாசில் சுமையும் பொய்யாக ஏறும். சப்போர்ட் சுமைப் பட்டியலில் மேல்நோக்கி இழுக்கும் சுமை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். யு-போல்ட்டோ ஹோல்ட்-டவுனோ (குழாய் எழாமல் அமுக்கிப் பிடிக்கும் பிடிப்பு) இல்லாத இடத்தில் அப்படி ஓர் எண் வந்தால் மாடல் தவறு.

உராய்வுக் குணகம் எஃகின் மேல் எஃகுக்கு 0.3, டெஃப்ளான் தகட்டுக்கு 0.1 என்று போடுவது வழக்கம். எழும்பிய சப்போர்ட்டில் உராய்வு கிடையாது. அதன் எடை போய்ச் சேரும் பக்கத்துச் சப்போர்ட்டில் உராய்வு கூடும். நம் லைனில் முதல் சப்போர்ட்டின் 6.9 கிலோநியூட்டனில் ஏறக்குறையப் பாதி இரண்டாவதுக்கு வருகிறது. அதன் சுமை 6.9-லிருந்து 10.4 ஆகிறது, உராய்வு விசை 2.1-லிருந்து 3.1. ராக் பீமை வடிவமைக்கும் சிவில் பொறியாளருக்குக் குளிர்நிலை எண்ணை அனுப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது. இரண்டில் பெரியதைத்தான் அனுப்ப வேண்டும்.

பம்பு, கோபுரம் ஆகியவற்றின் நாசில் நகர்வுகளைக் கட்டாயம் கொடுங்கள். நாசிலை அசையாத நங்கூரமாக விட்டுவிட்டால் எழும்பல் கணக்கின் ஆதாரமே போய்விடும்.

படி 3: ஒவ்வொரு வெப்பநிலைக்கும் எழும்பல் பட்டியல்

எடை, வெப்பம், அழுத்தம் மூன்றும் சேர்ந்த இயக்க நிலையை ஓட்டி, சப்போர்ட் சுமையையும் அதே இடத்தின் செங்குத்து நகர்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுமை பூஜ்யம், நகர்வு மேல்நோக்கி என்றால் எழும்பிவிட்டது. சுமை பூஜ்யத்துக்கு மிக அருகில் இருந்து நகர்வு இல்லையென்றால் விளிம்பில் நிற்கிறது. அதையும் பட்டியலில் சேருங்கள். கட்டும்போது பீம் 2 மி.மீ. தாழ்ந்திருந்தாலே அது எழும்பியதாகிவிடும்.

ஒரே வெப்பநிலையோடு நிறுத்தாதீர்கள். வடிவமைப்பு வெப்பம், சாதாரண இயக்க வெப்பம், ஸ்டீம்-அவுட் (லைனை நீராவியால் சுத்தம் செய்யும் நிலை), ஒரு பம்பு மட்டும் ஓடும் நிலை: ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல். வடிவமைப்பு வெப்பத்தில் எழும்பும் சப்போர்ட் இயக்க வெப்பத்தில் உட்கார்ந்திருக்கலாம். ஒரு பம்பு ஓடும்போது மட்டும் எழும்புவதும் உண்டு, அது மற்ற எந்த நிலையிலும் கண்ணில் படாது.

படி 4: சூடான நிலையில் எடைத் தகைவு

முழு வேலையின் மையம் இதுதான்.

பி31.3-ல் எடையும் அழுத்தமும் சேர்ந்து தரும் தகைவு, அந்த வெப்பத்தில் அப்பொருளுக்கு உள்ள அனுமதித் தகைவைத் தாண்டக் கூடாது. இதற்கான சமன்பாட்டை 2010 பதிப்பு பத்தி 320-ல் தெளிவாகக் கொடுத்தது. சப்போர்ட் எழும்பும் நிலைக்கு என்றே பிற்சேர்க்கை எஸ்-ல் ஓர் எடுத்துக்காட்டும் இருக்கிறது. எழும்பக்கூடிய சப்போர்ட் இருந்தால், எதிர்பார்க்கக்கூடிய எடைநிலைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை; ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும்.

செய்யும் முறை எளிது. படி 3-ல் எழும்பியதாக வந்த சப்போர்ட்டுகளை நீக்கிவிட்டு, எடையும் அழுத்தமும் மட்டும் போட்டு மாடலை ஓட்டுங்கள். வெப்பம் கூடாது. ஒவ்வொரு வெப்பநிலைப் பட்டியலுக்கும் ஓர் ஓட்டம். சீசர் 2-இன் புதிய பதிப்புகளில் மாற்று எடைநிலை என்ற வசதி உண்டு. எந்த இயக்க நிலையோடு சேர்க்கிறீர்களோ அதன் சப்போர்ட் நிலையை அது தானே எடுத்துக்கொள்ளும். அந்த வசதி இருந்தாலும் ஒருமுறை கையால் சப்போர்ட்டை நீக்கி ஓட்டி, இரண்டு விடையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பழைய குறுக்குவழி ஒன்று இன்னும் புழக்கத்தில் இருக்கிறது: இயக்க நிலையிலிருந்து வெப்பம் மட்டும் உள்ள நிலையைக் கழிப்பது. எடை இல்லாமல் வெப்பத்தை மட்டும் கொடுத்தால் குழாயைக் கீழே அமுக்க ஒன்றுமே இல்லை. கண்ட இடத்தில் சப்போர்ட்டெல்லாம் எழும்பிவிடும். அந்த நிலை நிஜத்தில் கிடையாது. அதைக் கழித்து வரும் எண்ணுக்கும் பொருள் கிடையாது.

இனி நம் லைனின் எண்கள். எடைத் தகைவுக்கு அரிப்பு ஒதுக்கீட்டைக் கழித்த தடிமனை எடுக்க வேண்டும்: 6.27 மி.மீ. செக்ஷன் மாடுலஸ் (மொமென்டை இதனால் வகுத்தால் வளைவுத் தகைவு) 4.9 லட்சம் மி.மீ. கனத்திலிருந்து 3.43 லட்சத்துக்கு இறங்குகிறது. குழாயின் எடையை மட்டும் முழுத் தடிமனுக்கே வைத்துக்கொள்ளுங்கள். 20 பாருக்கு அச்சுத் தகைவு 22 மெகாபாஸ்கல். பெண்டிங் மொமென்டுக்கு (குழாயை வளைக்கும் திருப்புவிசை), மீட்டர் எடை பெருக்கல் இடைவெளியின் வர்க்கம் வகுத்தல் 10 என்ற வழக்கமான தோராயம் போதும்.

குளிர்நிலை, 6 மீட்டர் இடைவெளி: மொமென்ட் 4.1 கிலோநியூட்டன் மீட்டர், நேர்க்குழாயில் வளைவுத் தகைவு 12 மெகாபாஸ்கல். எல்போவில் இது பெருகும். இந்த நீள ஆர எல்போவின் தகைவுப் பெருக்கக் காரணி, தளத்துக்குள் வளையும்போது, 2.61, எடைக் கணக்குக்கு அதில் முக்கால் பங்கு, 1.95. ஆக எல்போவில் 24. அழுத்தத்தோடு 46 மெகாபாஸ்கல். 340 டிகிரியில் ஏ106 கிரேடு பி-யின் அனுமதித் தகைவு 117-க்குப் பக்கம் (உங்கள் பதிப்பின் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்). 39 சதவீதம்.

சூடான நிலை, முதல் சப்போர்ட் இல்லை, இடைவெளி 12 மீட்டர்: மொமென்ட் 16.6. இடைவெளி இரட்டித்ததும் மொமென்ட் நான்கு மடங்கு. நேர்க்குழாயில் 48, எல்போவில் 94, அழுத்தத்தோடு 116 மெகாபாஸ்கல். அனுமதி 117.

அதே குழாய், அதே எடை. 39 சதவீதம் 99 சதவீதமாகிறது. எல்போ நெகிழ்வானது என்பதால் உண்மையான மொமென்ட் அங்கே கொஞ்சம் குறையும், மாடல் 116-ஐ விடக் குறைந்த எண்ணைத்தான் தரும். ஆனாலும் இந்த லைனைக் குளிர்நிலை அறிக்கையோடு அனுப்புவது எவ்வளவு குருட்டுத்தனம் என்று புரியும். இன்னொரு லைனில் இதே குழாய்க்கு அடுத்தடுத்து 2 சப்போர்ட் எழும்பி இடைவெளி 18 மீட்டர் ஆனால், எல்போவே இல்லாத நேர்க்குழாயிலும் 109-உம் 22-உம் சேர்ந்து 131, தேறாது.

இங்கே நியாயமான ஓர் எதிர்வாதம் உண்டு. "சப்போர்ட் 10 மி.மீ. கீழேதானே இருக்கிறது? குழாய் எடை தாங்காமல் தொய்ந்தால் மறுபடி அதன்மேல் உட்காரும், சரிந்து விழாது." க்ரீப் (சூட்டில் பொருள் மெல்ல மெல்ல நிரந்தரமாக நீள்வது) தொடங்காத வெப்பத்தில், இடைவெளி சில மில்லிமீட்டராக இருக்கும்போது இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது வடிவமைப்புக்கு ஆதாரமாகாது: குழாய் அந்த 10 மி.மீ. இறங்குவதற்குள் எல்போவிலோ நாசிலிலோ நிரந்தரமாக வளைந்திருக்கும், ஃபிளாஞ்ச் கசியத் தொடங்கியிருக்கும். க்ரீப் வெப்பத்தில் வாதமே எடுபடாது. 540 டிகிரி ஸ்டீம் லைனில் பி22 (குரோம்-மாலிப்டினம் எஃகு) குழாயின் அனுமதித் தகைவு 55 மெகாபாஸ்கலுக்கு அருகில்தான். அங்கே எடைத் தகைவு ஆண்டுக்கணக்கில் இடைவிடாமல் பொருளைத் தின்கிறது. வெப்பத் தகைவு நாளடைவில் தளர்ந்துவிடும். எடைத் தகைவு தளராது. அந்த லைன்களில் எழும்பும் சப்போர்ட்டை விட்டுவைக்கவே கூடாது என்பதே எங்கள் நிலை.

படி 5: வெப்ப வீச்சுத் தகைவும் அதில் ஒளியும் எடையும்

வெப்ப விரிவுத் தகைவை (இதுவே வீச்சுத் தகைவு) இயக்க நிலையிலிருந்து குளிர்ந்த எடை நிலையைக் கழித்துத்தான் பெறுகிறோம். சப்போர்ட் எழும்பாத லைனில் எடை இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்து அடிபட்டுப் போகும். எழும்பும் லைனில் அடிபடாது: இயக்க நிலையில் எடை 12 மீட்டர் தாவுகிறது, குளிர்நிலையில் 6 மீட்டர் தாவுகிறது, மிச்சம் வெப்பத் தகைவோடு கலந்துவிடுகிறது.

இதைக் காட்டி, "எழும்பலின் விளைவுதான் வீச்சுத் தகைவில் ஏற்கெனவே வந்துவிட்டதே, தனி ஓட்டம் எதற்கு?" என்று கேட்பார்கள். வந்திருக்கிறது, தவறான தராசில். வீச்சுத் தகைவுக்கு அனுமதி, குளிர் அனுமதித் தகைவின் 1.25 மடங்கும் சூடான அனுமதித் தகைவின் 0.25 மடங்கும் சேர்ந்தது: 138-க்கு 172.5, 117-க்கு 29, மொத்தம் சுமார் 202 மெகாபாஸ்கல். தொடர்ந்து அழுத்தும் எடையை 117-க்கு எதிராக நிறுக்க வேண்டிய இடத்தில் 202-க்கு எதிராக நிறுத்தாயிற்று. அந்த ஓட்டம் தேறியது என்பது எடைத் தகைவு தேறியதற்குச் சான்றாகாது.

வீச்சு தேறவில்லையென்றால், எடைத் தகைவு பயன்படுத்தாமல் விட்ட மிச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும் தாராள அனுமதியை நெறிமுறை தருகிறது. அந்த மிச்சத்தைக் கணக்கிடும்போது குளிர்நிலையின் 46-ஐ எடுக்காமல், சூடான நிலையின் 116-ஐ எடுங்கள். நம் எல்போவில் மிச்சம் 1 மெகாபாஸ்கல்தான். தாராளம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மென்பொருள் எந்த எடைநிலையை எடுத்துக்கொண்டது என்று அமைப்பில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

படி 6: தகைவோடு நில்லாதீர்கள்

காற்று, நிலநடுக்கச் சுமைகளைச் சூடான எடைநிலையின் மேல் வைத்துப் பாருங்கள், பி31.3-ல் அனுமதி 1.33 மடங்கு. எழும்பிய சப்போர்ட்டில் கைடும் இருந்து, ஷூ கைடின் உயரத்தைத் தாண்டி எழுந்தால் பக்கவாட்டுப் பிடிப்பும் போய்விடும்.

நாசில் சுமையைச் சூடான நிலையில் பாருங்கள். முதல் சப்போர்ட் விட்ட எடையில் மற்றப் பாதி, 3.5 கிலோநியூட்டன், ரைசர் வழியாகக் கீழே வருகிறது. பேஸ் சப்போர்ட் இருப்பதால் நம் லைனில் அது தரைக்குப் போகிறது. பேஸ் சப்போர்ட் இல்லாமல் ரைசர் நேரே பம்பு நாசிலில் நின்றால் ஏபிஐ 610 (பம்புகளுக்கான தரநிலை) வரம்போடு ஒப்பிட வேண்டிய எண் அதுதான்.

அதிர்வும் கவனிக்க வேண்டியது. இடைவெளி இரட்டித்தால் இயல் அதிர்வெண் நான்கில் ஒன்றாகும். இக்குழாய் 6 மீட்டரில் ஏறக்குறைய 14 ஹெர்ட்ஸ், 12 மீட்டரில் 3.5. வாயுவும் திரவமும் கலந்து கட்டி கட்டியாக ஓடும் லைன் என்றால், தகைவு தேறினாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே சப்போர்ட்டைத் தொடவைக்க வேண்டிவரும்.

படி 7: தீர்வு, எளியதிலிருந்து

முதல் கேள்வி: அந்தச் சப்போர்ட் வேண்டுமா? சூடான நிலையில் அது இல்லாமலேயே தகைவு, தொய்வு, நாசில் சுமை, அதிர்வு நான்கும் வசதியான மிச்சத்தோடு தேறினால் குளிர்நிலையிலும் அது தேவைப்படாது. எடுத்துவிடுங்கள், அல்லது எழும்பும் என்று வரைபடத்தில் குறித்து அப்படியே விடுங்கள். எழும்பியது என்ற ஒரே காரணத்துக்காக ஸ்பிரிங் போடுவது வீண். ஸ்பிரிங் பராமரிப்புக் கேட்கும்.

இரண்டாவது, இடத்தை மாற்றுவது. ரைசரிலிருந்து தள்ளுங்கள், அல்லது ரைசரின் எடையைத் தாங்கும் இடத்தை மேலே கொண்டுபோங்கள். ரைசரைத் தரையில் தாங்காமல் 10 மீட்டர் உயரத்தில் டிரன்னியனில் (குழாயின் பக்கத்தில் பற்றவைத்த தாங்கு கை) தாங்கினால் மேல்நோக்கி வளர்வது 5 மீட்டர் மட்டுமே: 21 மி.மீ. முதல் சப்போர்ட்டின் பங்கு 10 மி.மீ. தொய்வின் எல்லைகள் 5-உம் 27-உம் என்பதால் அது தொட்டே நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. பதிலுக்குக் கீழே உள்ள 10 மீட்டர் கீழ்நோக்கி 42 மி.மீ. வளரும், அதை அடிப்பக்கக் குழாய் நெளிந்து கொடுத்து ஏற்குமா என்று பார்க்க வேண்டும், பேஸ் சப்போர்ட்டை எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, வேரியபிள் ஸ்பிரிங் (குழாய் நகர நகரத் தாங்கும் சுமை மாறும் ஸ்பிரிங் சப்போர்ட்). நம் முதல் சப்போர்ட்டுக்கு: சூடான சுமை 6900 நியூட்டன், மேல்நோக்கிய நகர்வு 31 மி.மீ. குழாய்ச் சப்போர்ட் தரநிலையான எம்எஸ்எஸ் எஸ்பி-58 தரும் வழக்கமான உச்சம் 25 சதவீத மாறுபாடு. ஸ்பிரிங் விறைப்பு, 6900-இன் கால் பங்கை 31-ஆல் வகுத்த 55 நியூட்டன்/மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. 50 உள்ளதை எடுத்தால் குளிர் சுமை 6900 கூட்டல் 1550, அதாவது 8450 நியூட்டன், மாறுபாடு 22.5 சதவீதம். குழாய் மேலே போவதால் குளிர் சுமைதான் பெரியது. இந்தக் கூட்டலைக் கழித்தலாக மாற்றிப் போட்டு ஆர்டர் கொடுத்த ஸ்பிரிங் ஆலைக்கு வந்தபிறகுதான் பிடிபடும். பம்பு போன்ற கருவியின் நாசிலுக்குப் பக்கத்தில் என்றால் மாறுபாட்டை 10 சதவீதத்துக்குள் வைக்கப் பாருங்கள். நகர்வு 50 மி.மீ.க்கு மேல் போய், விறைப்பும் கிடைக்காவிட்டால் கான்ஸ்டன்ட் ஸ்பிரிங் (சுமை மாறாதது).

செய்யக் கூடாதது: எழும்பும் குழாயை ஹோல்ட்-டவுன் போட்டு அமுக்குவது. 63 மி.மீ. எழ விரும்பும் இக்குழாயை முதல் சப்போர்ட்டில் பிடித்தால், முனைகள் எவ்வளவு திரும்ப முடிகிறது என்பதைப் பொறுத்து 5 முதல் 40 கிலோநியூட்டன் வரை கூடுதல் விசை ரைசர் வழியாகக் கீழே இறங்கும். ரைசரின் முழு எடையே 17 கிலோநியூட்டன்தான்.

படி 8: ஆலையில் சரிபார்ப்பு

ஹைட்ரோடெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுக்கும் சோதனை) இந்தக் குறையைக் காட்டாது. லைன் குளிர்ந்திருக்கும், தண்ணீர் எடையும் சேர்ந்து எல்லா ஷூவும் அழுத்தமாக உட்கார்ந்திருக்கும். டெஸ்ட் முடிந்ததும் ஸ்பிரிங் பூட்டுப் பின்களை எடுத்தார்களா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பூட்டுப் பின் எடுக்காத ஸ்பிரிங் கெட்டியான சப்போர்ட். குழாய் அதையும் விட்டு எழும்பிவிடும்.

குளிர்நிலையில் ஒவ்வொரு ஷூவின் பக்கத்திலும் பீமில் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள், 0.5 மி.மீ. ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று நான்கு மூலையிலும் பாருங்கள். குளிர்நிலையிலேயே நுழைந்தால் அது கட்டுமானப் பிழை, வெப்பத்தோடு தொடர்பில்லை. அப்போது ஷிம் தகடு வைத்து நிரப்புவது சரி. லைன் சூடேறி வெப்பம் நிலைத்தபின் அதே இடங்களில் மறுபடி அளந்து, மாடலின் எழும்பல் பட்டியலோடு ஒப்பிடுங்கள். மாடல் 15 மி.மீ. சொல்லி, ஆலையில் இடைவெளியே இல்லையென்றால் ரைசர் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தரை ஓட்டையில் இன்சுலேஷன் தகடு இடிப்பது அடிக்கடி காணும் காரணம்.

சூடான நிலையில் தெரியும் இடைவெளியில் மட்டும் எக்காரணம் கொண்டும் ஷிம் வைக்க விடாதீர்கள். லைன் ஓடும்போது யாரோ பார்த்து, "சப்போர்ட் தொடவில்லை" என்று 12 மி.மீ. தகட்டைச் செருகி டாக் வெல்டும் வைத்துவிட்டுப் போவது நடக்கும். அடுத்த ஷட்டவுனில் ரைசர் 63 மி.மீ. சுருங்கி இறங்கும், முதல் சப்போர்ட்டில் குழாயோ 12 மி.மீ. உயரத்தில் மாட்டிக்கொள்ளும். அந்தப் பகுதியின் எடை முழுவதும் தகட்டின் மேல் ஏறும், இரண்டாவது சப்போர்ட் குளிர்நிலையில் லேசாகும் அல்லது எழும்பும், மேல் எல்போவில் எந்த ஓட்டத்திலும் பார்க்காத ஒரு மொமென்ட் உட்காரும். அந்த பீமில் இரு மொழியிலும் ஒரு தகட்டுக் குறிப்பைக் கட்டிவிடுங்கள்: சூடான நிலையில் இந்த ஷூ இத்தனை மில்லிமீட்டர் எழும்பும், ஷிம் வைக்கக் கூடாது.